720 நிமிடங்களும் அதற்குப் பின்னும்: அமெரிக்க நர்சிங் ஹோமில் பிசியோதெரபிஸ்டின் வேலை

தமிழ்நாட்டில் ‘நர்சிங் ஹோம்’ என்று பலகை மாட்டியிருந்தால், அது ஒரு மருத்துவரோ மருத்துவத் தம்பதியரோ நடத்தும் சிறிய தனியார் மருத்துவமனை என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே பிரசவம் நடக்கும், குடல்வால் அறுவை நடக்கும். அமெரிக்காவில் அதே பெயர் முதியவர்கள் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடத்தைக் குறிக்கிறது. அங்கு வேலைக்குச் சேர்ந்த நம்மூர் பிசியோதெரபிஸ்ட் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது முதலில் இந்தக் குழப்பத்தைத்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. ‘ரீஹாப்’ என்று சொல்லிப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். குடிநோய் மீட்பு மையத்திலா வேலை என்று கேட்பார்கள்.

அரசு ஆவணங்களில் இதன் பெயர் ‘ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டி’. அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்னிஃப்’ என்றே ஊழியர்கள் சொல்கிறார்கள். நாடெங்கும் ஏறத்தாழ 15,000 நர்சிங் ஹோம்கள் இருக்கின்றன. அவற்றில் 12 லட்சம் பேர் அளவில் தங்கியிருக்கிறார்கள். ஒரே கட்டிடத்துக்குள் இரண்டு வகை மனிதர்கள் இருப்பார்கள். அறுவையோ பக்கவாதமோ நிமோனியாவோ முடிந்து மருத்துவமனையிலிருந்து நேராக வந்து, சில வாரங்களில் வீடு திரும்பும் எண்ணத்தோடு இருப்பவர்கள் ஒரு வகை; இவர்களுக்கு மெடிகேர் என்னும் முதியோர் காப்பீடு பணம் கொடுக்கிறது. இனி வீடு திரும்ப வழியில்லாமல் அங்கேயே குடியிருப்பவர்கள் இன்னொரு வகை. இவர்களில் பெரும்பாலோருக்கு, கைச்சேமிப்பு கரைந்த பிறகு, வறியோருக்கான மெடிகெய்ட் செலவை ஏற்கிறது. பிசியோதெரபிஸ்ட் இரு வகையினரையும் பார்க்கிறார் என்றாலும், அவருடைய சம்பளத்துக்கு ஆதாரம் பெரும்பாலும் முதல் வகையினர்தான்.

அந்த முதல் வகைக்குள் நுழைவதே எளிதில்லை. வழக்கமான மெடிகேர் விதிப்படி, நோயாளி மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தொடர்ந்து மூன்று நாள்கள், வீட்டுக்கு அனுப்பும் நாளைச் சேர்க்காமல், இருந்திருக்க வேண்டும். மருத்துவமனைக் கட்டிலில் நான்கு இரவுகள் படுத்திருந்தாலும், ஏட்டில் ‘கண்காணிப்பில் உள்ளவர்’ என்று எழுதப்பட்டிருந்தால் அந்த நாள்கள் கணக்கில் சேராது. ஊசியும் சோற்றுத் தட்டும் அதேதான், எழுதிய சொல் மட்டும் வேறு. இதைப் பல குடும்பங்கள் நர்சிங் ஹோம் வாசலுக்கு வந்த பிறகே அறிந்துகொள்கின்றன. விதி நிறைவேறினால் ஒரு நோய்க்காலத்துக்கு அதிகபட்சம் 100 நாள்கள் கிடைக்கும். முதல் 20 நாள்களுக்கு நோயாளி ஒன்றும் தர வேண்டியதில்லை; 21ஆம் நாளிலிருந்து தினமும் ஒரு பங்கு தர வேண்டும். 2025இல் அந்தப் பங்கு நாளொன்றுக்கு 209.50 டாலர். துணைக் காப்பீடு இல்லாதவர்கள் 20ஆம் நாளை ஒட்டி வீட்டுக்குப் போகத் துடிப்பதற்குக் காரணம் கால் தேறியது மட்டும் இல்லை.

வழக்கமான ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி; குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து நான்காம் நாள் இங்கு வருகிறார். பிசியோதெரபிஸ்ட் முதலில் படிப்பது அறுவை மருத்துவரின் குறிப்பை. காலில் முழு எடை ஊன்றலாமா, விரல் நுனி மட்டும் தரையைத் தொடலாமா, மூட்டு மாற்றப்பட்டிருந்தால் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது போன்ற தடைகள் உண்டா என்று பார்க்கிறார். அடுத்து ஒரு கேள்வி: விழுவதற்கு முன்பு எப்படி இருந்தார்? தனியாகக் கடைக்குப் போய்வந்தவரா, வாக்கரைப் பிடித்து அறைக்குள் நடந்தவரா, யாராவது தூக்கிவிட்டால்தான் எழுந்தவரா? இலக்கு இந்தப் பதிலிலிருந்துதான் உருவாகிறது. மகள் சொல்வதும் மூதாட்டி சொல்வதும் அடிக்கடி வேறுபடும். தாய் நன்றாகவே நடந்தார் என்று மகள் சொல்வது நம்பிக்கையா, நினைவா என்று பிரித்தறிவதும் தொழில் திறமையின் பகுதியே.

பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார வைக்கிறார். படுத்திருக்கும்போது எடுத்த இரத்த அழுத்தத்தை உட்கார்ந்தும் நின்றும் மறுபடி எடுக்கிறார். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளி சரிந்தால், அன்றைய சிக்கல் தசை பலவீனம் என்பதைவிடத் தலைசுற்றல் என்பது பொருந்தும். படுக்கை என்ன செய்யும் என்பதற்கு ஓர் ஆய்வுச் சான்று உண்டு. நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்து 2007இல் வெளியான ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயும் அறுவையும் பசியின்மையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எழுந்து நிற்கும் முதல் முயற்சியில் இடுப்பைச் சுற்றிக் கட்டிய கெய்ட் பெல்ட்டைத் தெரபிஸ்ட் கையில் பிடித்திருக்கிறார். எவ்வளவு பலம் கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது என்பதுதான் அன்றைய அளவீடு.

அந்த அளவீடு மதிப்பீட்டுப் படிவத்தில் ‘ஜி.ஜி.’ எனப்படும் பகுதியில் 1 முதல் 6 வரையிலான எண்ணாகப் பதிவாகிறது. முழுக்கப் பிறர் செய்துவிட்டால் 1. பாதிக்கு மேல் பிறர் செய்தால் 2. பாதிக்குக் குறைவாக உதவினால் 3. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாலோ லேசாகத் தொட்டு நிதானப்படுத்தினாலோ 4. பொருளை எடுத்து வைத்தால் போதும் என்றால் 5. தாமாகவே செய்தால் 6. கட்டிலில் புரள்வது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்து எழுவது, 10 அடி, 50 அடி, 150 அடி நடப்பது, காரில் ஏறி இறங்குவது, ஒரு படி, நான்கு படி, பன்னிரண்டு படி ஏறுவது என ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வீட்டு வாசலில் எத்தனை படி என்று முதல் நாளே கேட்பது இதனால்தான். மூன்று படியும் பிடிமானக் கம்பி இல்லாத வாசலும் என்றால், உடற்பயிற்சித் திட்டம் முழுவதுமே அந்த மூன்று படிகளை நோக்கிப் போகும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த வேலை, ஒரு வயதானவரைக் கையைப் பிடித்து நடைபாதையில் நடத்திச் செல்வதாகவே தெரியும். அதைத்தான் உதவியாளரும் செய்வாரே என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. மெடிகேரும் அதையேதான் கேட்கிறது. பயிற்சி பெற்ற தொழில் வல்லுநர் செய்தாலோ மேற்பார்வையிட்டாலோதான் பாதுகாப்பாகவும் பயனுள்ளதாகவும் இருக்கும் என்னும் அளவுக்குச் சிக்கலான சேவைக்கு மட்டுமே அது பணம் தரும். கட்டிடத்தின் பெயரில் இருக்கும் ‘ஸ்கில்டு’ என்ற சொல்லின் பொருள் அதுதான். ஆகவே ‘நோயாளி 100 அடி நடந்தார்’ என்று எழுதினால் அது செல்லாத குறிப்பு. எந்தக் காலில் எடை ஊன்றத் தயங்கினார், திரும்பும்போது வாக்கரை எங்கே விட்டுவிட்டார், என்ன சொல்லி, எங்கே தொட்டுத் திருத்தியதால் அடுத்த சுற்றில் என்ன மாறியது என்று எழுத வேண்டும். நல்ல தெரபிஸ்ட் இதையெல்லாம் யோசிக்காமலே செய்துவிடுவார். எழுதுவதற்காகத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வேலையின் நல்ல பகுதி பெரும்பாலும் பயிற்சிக் கூடத்துக்கு வெளியே நடக்கிறது. காலை எட்டு மணிக்கு அறைக்குப் போனால் நோயாளி இரவு உடையில் இருப்பார், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பார். அனுபவம் குறைந்தவர் உதவியாளரைக் கூப்பிடும் மணியை அழுத்திவிட்டு வெளியே காத்திருப்பார். அனுபவமுள்ளவர் அதையே அன்றைய பயிற்சியாக எடுத்துக்கொள்வார். தாழ்வான இருக்கையிலிருந்து எழுவது, ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் உடையைச் சரிசெய்வது, ஈரத் தரையில் திரும்புவது ஆகிய மூன்றும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடப்பதைக் காட்டிலும் வீட்டு வாழ்க்கைக்கு அருகில் இருப்பவை. ‘இன்றைக்கு வேண்டாம்’ என்ற மறுப்பும் தினசரி வருவது. அதன் பின்னால் இரவு தூக்கமின்மையோ, நேரத்துக்குக் கிடைக்காத வலி மாத்திரையோ, மனச்சோர்வோ, விழுந்துவிடுவோம் என்ற பயமோ இருக்கலாம். நினைவாற்றல் தேய்ந்தவரிடம் விளக்கிப் பயனில்லை. எதிரே நாற்காலியில் அமர்ந்து கையை நீட்டினால் அவர் எழுந்துவிடுவதுண்டு.

இவையெல்லாம் எத்தனை நிமிடம் நடந்தன என்ற கேள்விதான் இந்தத் தொழிலின் கடந்த கால் நூற்றாண்டு வரலாறு. 1965இல் சட்டமான மெடிகேர், நீண்ட காலம் நர்சிங் ஹோம்களுக்கு ஆன செலவைப் பார்த்துப் பணம் கொடுத்தது. 1990களில் தெரபிஸ்டுகளுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டு, இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து பி.பி.டி. என்னும் பிசியோதெரபி இளநிலைப் பட்டத்தோடு போன முதல் பெரிய அலை அந்தக் காலத்தது. 1997இல் அமெரிக்க நாடாளுமன்றம் வரவு செலவைச் சமப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 1998 ஜூலையிலிருந்து, நோயாளியின் வகைக்கு ஏற்ப நாளொன்றுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயித்த கட்டணம் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அடுத்த ஓராண்டில் வேலை இழந்த தெரபிஸ்டுகள் ஏராளம்.

அந்தப் புதிய முறையில் வகையைத் தீர்மானித்தது பெரும்பாலும் தெரபி நிமிடங்களே. ஏழு நாள்களில் பிசியோதெரபி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி மூன்றும் சேர்ந்து 45 நிமிடம் என்றால் ஒரு படி. 150, 325, 500 என்று ஏறி, 720 நிமிடம் தொட்டால் ‘அல்ட்ரா ஹை’ என்ற உச்சப் படி. ஒரு நிமிடம் குறைந்து 719 ஆனால் கீழ்ப்படிக் கட்டணம்; 900 நிமிடம் கொடுத்தாலும் 720க்கு உரிய கட்டணமே. இப்படி ஒரு கணக்கை வைத்துவிட்டு விளைவு வேறு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களை என்ன சொல்வது? மெடிகேரை நிர்வகிக்கும் அமைப்பு 2013ஆம் ஆண்டுத் தரவுகளை 2016இல் வெளியிட்டபோது, உச்சப் படி மதிப்பீடுகளில் 65 சதவீதம் 720க்கும் 730க்கும் இடைப்பட்ட நிமிடங்களில் குவிந்திருந்தன. அதற்கு அடுத்த படியில் 51 சதவீதம் 500க்கும் 510க்கும் இடையில் இருந்தன. இடுப்பு முறிந்தவருக்கும் நிமோனியாவில் நலிந்தவருக்கும் நெஞ்சு அறுவை முடிந்தவருக்கும் உடலின் தேவை இவ்வளவு துல்லியமாக ஒரே எண்ணில் வந்து நிற்பது இயற்கையில் நடக்காது. அதே 2016இல், தேவையற்ற தெரபிக்குப் பணம் கோரியதாக எழுந்த வழக்குகளில் ஒரு பெரிய ஒப்பந்தத் தெரபி நிறுவனம் 12.5 கோடி டாலரும், நர்சிங் ஹோம்களை நடத்தும் பெரிய நிறுவனம் ஒன்று 14.5 கோடி டாலரும் கட்டி அரசோடு உடன்பாடு செய்துகொண்டன.

2019 அக்டோபர் 1 அன்று நிமிடக் கணக்கு கைவிடப்பட்டது. புதிய முறையில் நோயின் வகை, ஜி.ஜி. எண்கள், உடன் இருக்கும் நோய்கள் ஆகியவற்றைக் கொண்டு கட்டணம் நிர்ணயமாகிறது. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி, நர்சிங், மருந்து முதலான பிற செலவுகள் என்று அதில் ஐந்து கூறுகள் உண்டு. பிசியோதெரபிக்கான கூறு 21ஆம் நாளிலிருந்து வாரத்துக்கு 2 சதவீதம் குறைந்து, கடைசி நாள்களில் 76 சதவீதத்துக்கு வந்துவிடும். எத்தனை நிமிடம் தெரபி கொடுத்தாலும் வருமானம் மாறாது. அதாவது, நேற்றுவரை வருமானமாக இருந்த தெரபிஸ்ட் விடிந்ததும் செலவானார். முறை மாறிய சில நாள்களிலேயே ஆள்குறைப்புகள் தொடங்கின. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 91 நிமிடமாக இருந்த தெரபி 62 நிமிடமாகக் குறைந்தது என்று அரசே பின்னர் கணக்குக் காட்டியது. ஒருவரை மட்டும் தனியாகப் பார்க்காமல் இருவரை ஒரே நேரத்திலோ, ஆறு பேர் வரை குழுவாகவோ பார்க்கும் வழக்கமும் கூடியது. மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் அப்படிப் பார்க்கக் கூடாது என்ற வரம்பு மட்டும் உண்டு.

இதிலிருந்து பழைய 91 நிமிடத்தில் 29 நிமிடம் வீண் என்று முடிவு கட்டுவோர் உண்டு. இப்போதைய 62 போதாது என்போரும் உண்டு. இரண்டுமே ஓரளவு உண்மை, வெவ்வேறு நோயாளிகளைப் பொறுத்தவரை. களைத்துப்போன ஒருவரை 720ஆம் நிமிடத்துக்காக மாலையில் மறுபடி மிதிவண்டிப் பயிற்சியில் உட்கார வைத்த காலமும் இருந்தது. இன்னும் ஒரு வாரம் தீவிரமாகப் பயிற்சி கொடுத்தால் வாக்கரை விட்டு நடக்கக்கூடியவரை அரை மணி நேரத்தோடு அறைக்கு அனுப்பும் காலம் இது. எந்தக் கணக்கிலும், எவருக்கு எவ்வளவு தேவை என்ற தீர்ப்பு கையில் பெல்ட்டைப் பிடித்திருப்பவருடையது என்றே விதிகள் சொல்கின்றன. நடைமுறையில் அந்தத் தீர்ப்பு, காலையில் கைக்கணினியைத் திறக்கும்போதே நிமிடங்களாகப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கும்.

அந்தப் பட்டியலின் மறுபக்கம் ‘புரொடக்டிவிட்டி’. ஊதியம் பெறும் நேரத்தில் நோயாளியோடு செலவழித்துக் கணக்கில் காட்டக்கூடிய நேரம் எத்தனை சதவீதம் என்பது அதன் பொருள். 85, 90 என்று கேட்பது இத்துறையில் சகஜம். எட்டு மணி நேரத்துக்கு 480 நிமிடம். 90 சதவீதம் என்றால் 432. மீதி 48 நிமிடத்தில் குறிப்பு எழுத வேண்டும், நர்ஸிடம் வலி மாத்திரை நேரத்தைக் கேட்க வேண்டும், காணாமல் போன சக்கர நாற்காலியின் கால்தாங்கியைத் தேட வேண்டும், குடும்பத்தாரின் தொலைபேசிக்குப் பதில் சொல்ல வேண்டும், குளித்துக்கொண்டிருக்கும் நோயாளிக்காகக் காத்திருக்க வேண்டும், சிறுநீர் கழிக்கவும் வேண்டும். நோயாளி பயிற்சி செய்யும்போதே பக்கத்தில் அமர்ந்து தட்டச்சு செய்வதுதான் இதற்குப் பொதுவான தீர்வு. கண் திரையில் இருக்கும் அந்த நேரத்தில் கெய்ட் பெல்ட் யார் கையில் இருக்கிறது என்பதை நிர்வாகத்தின் கணக்குத் தாள் கேட்பதில்லை.

விசாவில் இருக்கும் வெளிநாட்டுத் தெரபிஸ்டுக்கு இந்த நெருக்கடி கூடுதல். அமெரிக்காவில் தொழில் நுழைவுக்கான பட்டமாக இப்போது முனைவர் நிலைப் பட்டமான டி.பி.டி. ஆகிவிட்டதால், நம்மூரில் நாலரை ஆண்டு பி.பி.டி. முடித்தவர் தம் பாடங்களை மதிப்பீட்டு ஆணையத்திடம் எடைபோடக் கொடுத்து, குறைகிற பாடங்களை நிரப்பி, தேசிய உரிமத் தேர்வையும் எழுத வேண்டும். தொழிலாளர் துறையின் ‘ஷெட்யூல் ஏ’ பட்டியலில் நர்ஸுகளோடு பிசியோதெரபிஸ்டுகளும் இருப்பதால், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று தனியே நிரூபிக்கும் படி அவர்களுக்கு இல்லை. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான பச்சை அட்டை வரிசை பத்தாண்டுக்கு மேல் நீளக்கூடியது. அத்தனை காலம் விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளியிடம், ‘இந்த நோயாளிக்கு இத்தனை நிமிடம் தேவையில்லை’ அல்லது ‘இது போதாது’ என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

அண்மைக் காலத்தில் தீர்ப்பு இன்னொரு கைக்கும் போயிருக்கிறது. மெடிகேர் பயனாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்போது தனியார் நிறுவனங்கள் நடத்தும் ‘மெடிகேர் அட்வான்டேஜ்’ திட்டங்களில் இருக்கிறார்கள். அவற்றில் அனுமதி சில நாள்களுக்குத்தான் கிடைக்கும். பிறகு குறிப்புகளை அனுப்பி நீட்டிப்புக் கேட்க வேண்டும். முன்னேற்றம் வேகமாக இருந்தால் ‘வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். மெதுவாக இருந்தால் ‘பயன் இல்லை’ என்பார்கள். காப்பீடு முடிவதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அதை எதிர்த்து முறையிட விரும்பினால் கடைசி நாளுக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் தொலைபேசியில் பேச வேண்டும். முறையீட்டைப் பார்க்கும் வெளி மருத்துவர் நோயாளியை நேரில் காண்பதில்லை. தெரபிஸ்ட் எழுதிய குறிப்பே சாட்சி.

‘முன்னேற்றம் நின்றுவிட்டது, ஆகவே தெரபி நிறுத்தம்’ என்ற வாசகம் பல ஆண்டுகள் சட்டம்போலவே புழங்கியது. உண்மையில் அப்படி ஒரு விதி இருக்கவில்லை. மெடிகேரின் இத்தகைய மறுப்புகளை எதிர்த்த ஜிம்மோ வழக்கில் 2013 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாடு இதைத் தெளிவாக்கியது. இருக்கும் திறனைக் காப்பாற்றவோ, சரிவை மெதுவாக்கவோ வல்லுநரின் கை தேவை என்றால், நோயாளி தேறாவிட்டாலும் மெடிகேர் பணம் தரும். பார்க்கின்சன் நோயாளியின் கழுத்தும் முழங்காலும் மடங்கி இறுகிவிடாமல் காப்பதும், சக்கர நாற்காலியிலேயே வாழ்பவருக்குப் புண் வராதபடி இருக்கையை அமைப்பதும் இதில் வரும். 1987ஆம் ஆண்டு நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம், ஒவ்வொருவரும் எட்டக்கூடிய மிக உயர்ந்த உடல், மன நிலையில் வைத்திருப்பதை நிறுவனத்தின் கடமையாக்கியது. விழாமல் இருப்பதற்காக நாற்காலியில் கட்டிப்போடும் பழைய வழக்கம் குறைந்ததும் அதன் பிறகுதான். கட்டக் கூடாது என்றால் விழாமல் நடக்கக் கற்பிக்க வேண்டும். ஆகவே நிரந்தரமாகத் தங்கியிருப்பவர் விழும்போதெல்லாம் பிசியோதெரபிஸ்டுக்கு அழைப்பு வரும்.

முன்னே சொன்ன மூதாட்டியின் கடைசி வாரத்தில் வேலையின் தன்மை மாறிவிடும். பயிற்சிக் கூடத்தில் எழும்பி நிற்கும் மரப்படிகளில் நல்ல காலை முதலில் வைத்து ஏறவும், அறுவை செய்த காலை முதலில் வைத்து இறங்கவும் பழக்குகிறார்கள். மகளை வரவழைத்து, பெல்ட்டை எங்கே பிடிப்பது, எந்தப் பக்கம் நிற்பது என்று காட்டி, அவரையே ஒருமுறை செய்ய வைக்கிறார்கள். வீட்டில் கழிப்பறைக் கதவின் அகலத்தை அளந்து வரச் சொல்கிறார்கள், வாக்கர் உள்ளே நுழையாவிட்டால் இத்தனை நாள் பயிற்சியும் கதவோடு நின்றுவிடும் என்பதால். கடைசி நாள் அளவீட்டில் நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி உட்கார 24 வினாடி எடுத்தால், 12 வினாடியைத் தாண்டினாலே விழும் அபாயம் உண்டு என்ற அளவுகோல்படி அவர் இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறார். ஆனால் வந்த அன்று இருவர் பிடித்தும் நிற்க முடியாமல் இருந்தவர் அவர். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதி, வீட்டுக்கு வந்து பார்க்கும் தெரபிஸ்டுக்கான பரிந்துரையைச் சேர்த்து, தெரபிஸ்ட் கையெழுத்திடுகிறார். அதே கட்டிலுக்குப் பெரும்பாலும் அன்று மாலையே அடுத்தவர் வந்துவிடுவார். மறுநாள் காலைப் பட்டியலில் அவருடைய பெயருக்கு எதிரே மதிப்பீடு என்றும், அதற்கான நிமிடங்களும் எழுதப்பட்டிருக்கும்.